ஆற்றுப் பக்கம் நீலம்

ஷாலிக்மாரி திட்டு,
ஜமுனா ஆறு.
ஜனவரி 9

அன்புள்ள தஹ்சினா ஆபாவுக்கு, உங்கள் கூடப் பிறக்காத தங்கை கோஹினூர் எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும்.

உடம்புக்கு ஒரு குறையும் இல்லை. கோபம் மட்டும்தான் இருக்கிறது. உங்கள் கடிதத்தை உங்கள் அலுவலக இஞ்சினியர் இம்தியாஸ் செவ்வாய்க்கிழமை கொண்டுவந்து கொடுத்தார். இன்று சனிக்கிழமை. கோபம் ஆறட்டும் என்று நான்கு நாள் பொறுத்துப் பார்த்தேன், ஆறவில்லை. போனில் பேசேன் என்று என் புருஷன் மொக்லேஸ் சொல்கிறார். போனில் உங்கள் குரலைக் கேட்டால் எல்லாவற்றுக்கும் சரி சரி என்று தலையாட்டிவிடுவேன். பிறகு அவர்தான் நான் புலம்புவதைக் கேட்க வேண்டும். அதனால்தான் காகிதத்தை எடுத்தேன்.

ராட்டர்டாமில் கால்வாய் உறைந்து கிடக்கிறது, அதன்மேல் பிள்ளைகள் சறுக்கி விளையாடுகிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். இங்கே எல்லோருக்கும் படித்துக் காட்டினேன். அசையாத தண்ணீரா என்று யாரும் நம்பவில்லை. காதை மூடிக்கொண்டு வெளியே போங்கள். உங்களுக்குச் சளி பிடித்தால் இடது காதில் போய் உட்காரும், எனக்குத் தெரியும். உங்களுக்கென்று ஈச்சம் வெல்லம் ஒரு வட்டு எடுத்து வைத்திருந்தேன். கோபத்தில் அதைக் கொழுக்கட்டைக்குப் போட்டுவிட்டேன்.

விஷயத்துக்கு வருகிறேன். நம் பிரசவ வீட்டுக்குப் பெரிய பரிசு ஒன்று வரும் போலிருக்கிறது, பிப்ரவரி கடைசியில் நான்கு நடுவர்கள் வந்து பார்க்கப் போகிறார்கள், அதற்கு முன் மூன்று வேலை முடிய வேண்டும் என்று எழுதியிருக்கிறீர்கள். வீட்டைப் பிரித்து, நீங்கள் வரைந்த படத்தில் உள்ளபடி தெற்குப் பார்த்துத் திருப்பி வைக்க வேண்டும். பின்சுவரில் நாங்கள் வெட்டிய இரண்டு ஜன்னல்களை அடைக்க வேண்டும். வராண்டாவில் தொங்கும் சணல் தட்டிகள், காயும் மிளகாய், வீட்டுக் கால்களுக்கு நடுவே கட்டியிருக்கும் ஆடுகள் எல்லாம் கண்ணில் படக்கூடாது.

முடியாது, ஆபா. ஆடுகளை வேண்டுமானால் அன்று ஒருநாள் வேறு இடத்தில் கட்டுகிறேன். அதுவும் உங்களுக்காக.

வீடு திரும்பியதற்கு நான்தான் காரணம். அதை முதலில் ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இரண்டு வருஷத்துக்கு முன் நாங்கள் குடியிருந்த காஷ்போனா மணல்திட்டில் வீட்டை முதன்முதலாக நிறுத்தியபோது, பிரித்தால் மறுபடி பூட்டுவதற்கு வசதியாக எல்லாத் துண்டுக்கும் அடையாளம் போடும் வேலையை என்னிடம் கொடுத்தீர்கள். உங்கள் படத்தில் தெற்கு, வடக்கு என்று எழுதியிருந்தது. நம் ஆட்களில் யார் தெற்கு வடக்கு பார்த்தார்கள்? தொழுவதற்கு மேற்கு தெரியும். அதற்கு மேல் ஆற்றுப் பக்கம், மணல் பக்கம், அவ்வளவுதான். ஆற்றுப் பக்கத்துத் துண்டுகளுக்குப் படகுக்கு அடித்து மிஞ்சிய நீலம் பூசினேன். மணல் பக்கத்துத் துண்டுகளுக்குச் சிவப்பு. நீங்களும் குனிந்து பார்த்து, நல்லாயிருக்கே கோஹினூர், யாருக்கும் குழப்பமே வராது என்று சொன்னீர்கள். நினைவிருக்கிறதா?

குழப்பம் வரத்தான் இல்லை. ஆகஸ்டில் ஆறு காஷ்போனாவைப் பின்னாலிருந்து கடித்துக்கொண்டு வந்தபோது ஆண்களில் பாதிப் பேர் டாக்காவில் கூலி வேலையில் இருந்தார்கள். நாங்கள் இருபத்தாறு பெண்கள் இரண்டு பகலில் வீட்டைப் பிரித்தோம். நூற்றெண்பத்தாறு துண்டு, நான்கு படகு. எந்தத் துண்டும் இரண்டு பெண்கள் தூக்கும் பாரத்துக்கு மேல் இருக்கக்கூடாது என்று அன்று நாங்கள் சொன்னபோது உங்கள் அலுவலகத்தில் சிரித்தார்களாமே. அந்த ஒரு பேச்சை நீங்கள் கேட்டதால்தான் இன்று வீடு இருக்கிறது. இரும்பு மூட்டு ஒன்றுகூடத் தண்ணீரில் விழவில்லை.

இங்கே வந்ததும் நீலத்தை ஆற்றுப் பக்கம் நிறுத்தினோம், சிவப்பை மணல் பக்கம். காஷ்போனாவில் ஆறு நமக்குத் தெற்கே ஓடியது. இங்கே நாங்கள் திட்டின் வடக்கு விளிம்பில் இருக்கிறோம், ஆறு வடக்கே ஓடுகிறது. இது ஒருத்திக்கும் தோன்றவில்லை. நீலம் என்றால் ஆறு, அதில் யோசிக்க என்ன இருக்கிறது? செப்டம்பரில் உள்ளே ஒரே புழுக்கம். இந்தத் திட்டே காற்றுக்கு ஆகாத திட்டு என்று ஏசிக்கொண்டு, மொக்லேஸை விட்டுப் பின்சுவரில் இரண்டு ஜன்னல் வெட்டினோம். நவம்பரில் வாடை கிளம்பி வராண்டா வழியாக நேராகப் பிரசவ அறைக்குள் நுழைந்தபோதுதான் புத்தியில் உறைத்தது. நம் மருத்துவச்சி மினோதி திதி, நம் எல்லோருக்கும் அக்கா, போர்வையைச் சுற்றிக்கொண்டு வந்து நின்றாள். "ஏண்டி கோஹினூர், வாடை நேரா என் பல்லுக்குள்ள பூந்துட்டுப் போவுது, வீட்ட எந்தப் பக்கம் பாத்துடி வச்ச?" என்று கேட்டாள். மொக்லேஸ் பக்கத்தில் நின்று பார்த்துவிட்டு, "வீடு தூக்கத்துல பொரண்டு படுத்துக்கிச்சு, விடு" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நான் நாணல் காட்டுக்குள் போய் அழுதேன். உங்களுக்கு ஒரு கடிதமும் எழுதிக் கிழித்தேன். உங்கள் வீட்டைக் கெடுத்துவிட்டேன் என்றுதான் அன்று நினைத்தேன்.

டிசம்பரில் திருப்பிவிடலாம் என்று நானே பெண்களைக் கூட்டினேன். பக்கத்துக் குட்டித் திட்டிலிருந்து பருல் வந்திருந்தாள். உங்களுக்கு அவளைத் தெரியும், காஷ்போனாவில் வராண்டாத் தரைக்கு மூங்கில் பிளந்து கொடுத்தவள், ஒல்லியாக இருப்பாள், நாக்கு மட்டும் அரிவாள். ஏழு மாத வயிற்றைத் தள்ளிக்கொண்டு எழுந்து நின்று, "ஒரு துண்ட எவளாவது தொட்டா கைய ஒடிச்சிப்புடுவேன்" என்றாள். ஏன் என்று கேட்டேன். "காஷ்போனாவுல கதவு எங்க இருந்துச்சு? ஜொப்பார் டீக்கடைக்கு எதிர்த்தாப்புல. படகுத்துறையில எறங்கி, கடைவீதிய நீளத்துக்கும் நடந்து, அவன் பெஞ்சில குந்தியிருக்கிற இருவது ஆம்பளைங்க முன்னாடி வயித்தப் புடிச்சிக்கிட்டுப் போகணும். எனக்குத் தண்ணி ஒடஞ்சது காலையில. கடை காலியாகட்டும், அப்புறம் போவோம்னு படகுலயே குந்தியிருந்தேன். அந்தப் புள்ளதான் போச்சு" என்றாள்.

அந்தக் குழந்தை எப்படிப் போனது என்று அதுவரை அவள் யாரிடமும் சொன்னதில்லை. காஷ்போனாவில் ஆற்றுக்கும் கதவுக்கும் நடுவே கடைவீதி இருந்தது, இங்கே கதவுக்கு முன்னால் ஆறு மட்டும்தான். படகிலிருந்து இறங்கினால் நூறு தப்படியில் படி. ஜொப்பார் இங்கேயும் மணல் பக்கம் கடை போட்டுவிட்டான், ஆனால் அவன் பெஞ்சுக்கு வீட்டின் முதுகுதான் தெரியும்.

காஷ்போனாவில் ஒன்றரை வருஷத்தில் அந்த வீட்டில் பிறந்தவை பதினொன்று. மற்றவர்களுக்குத் தைரியம் போதவில்லை, பழைய வழக்கம் விடவில்லை என்று நாம் கூட்டம் போட்டுப் பேசிக்கொண்டிருந்தோம். இங்கே வந்து ஐந்து மாதத்தில் இருபத்து மூன்று. அவர்கள் பெயரெல்லாம் என் நோட்டில் இருக்கிறது, கேட்டால் வாசிக்கிறேன். நாம் இரண்டு பேருமே பெண்கள்தான், ஆபா. மணலில் சேலைகளை விரித்து அறைகளைக் குறித்தோம். தலைமாட்டில் ஒருத்தி, கால்மாட்டில் ஒருத்தி நிற்க இடம் போதுமா என்று என்னைப் படுக்க வைத்துப் பார்த்தீர்கள். ஆனால் வலி எடுத்தவள் எந்த வழியாக நடந்து வருவாள் என்று நீங்களும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

வாடைக்குச் சணல் குச்சித் தட்டி கட்டிவிட்டோம், பங்குனி வெயில் வந்ததும் அவிழ்த்துவிடுவோம். தெற்குக் காற்றுக்கு அந்த ஜன்னல்கள். நடுவர்கள் எடுக்கும் புகைப்படத்தில் அசிங்கமாகத் தெரியும் என்று நீங்கள் பயப்படுவது இதெல்லாம்தான்.

இம்தியாஸ் நல்ல பையன்தான், பெரியவர்களிடம் மரியாதை உண்டு, என்னையும் ஆபா என்றுதான் கூப்பிடுகிறார். ஆனால் வந்ததும் போனில் திசைகாட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு வீட்டைச் சுற்றி இரண்டு தடவை நடந்தார். "மேடம் வரைஞ்சது ஒண்ணு, நீங்க நிறுத்தியிருக்கிறது ஒண்ணு. பரிசுக்கு அனுப்பின புத்தகத்துல தென்றல வரவேற்கிற வராண்டான்னு அச்சுப் போட்டாச்சு" என்றார். தென்றலுக்குப் படிக்கத் தெரியாது தம்பி, அது பாட்டுக்கு வரும் என்றேன். அவருக்குச் சிரிப்பு வரவில்லை. வெள்ளத்தில் இரண்டே நாளில் பிரித்தவர்கள், இப்போது பத்து நாளில் திருப்பிப் பூட்ட மாட்டீர்களா என்று கேட்டார். அன்றைக்கு ஆறு பிடரியைப் பிடித்துத் தள்ளியது, இன்றைக்கு யார் தள்ளுகிறார்கள் என்று கேட்டேன். பருலுக்குப் பிப்ரவரி கடைசி என்று மினோதி திதி சொல்கிறாள். அந்தப் பத்து நாளுக்குள் இன்னும் இரண்டு பேர் இருக்கிறார்கள். "ஒரு பத்து நாளைக்கு வேற எங்கயாச்சும் சமாளிக்க முடியாதா ஆபா?" என்று கேட்டார். வேறு இடம் என்றால் எது என்று அவருக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரியும். நீங்களே அவருக்குப் பதில் சொல்லுங்கள்.

நாலைந்து வருஷத்தில் இந்தத் திட்டும் போகும். அப்போதும் பிரிப்போம், படகில் ஏற்றுவோம், ஆறு எந்தப் பக்கம் ஓடுகிறதோ அந்தப் பக்கம் நீலத்தை வைப்போம். போவதற்கென்றே கட்டிய வீடு இது. உங்கள் வாயாலேயே நூறு தடவை சொல்லியிருக்கிறீர்கள். இப்போது ஒரு புகைப்படத்துக்காக, வரைந்தபடியே அசையாமல் நில் என்கிறீர்கள்.

நான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று நீங்கள் சொல்வீர்கள். சொல்லிக்கொள்ளுங்கள். கோபித்துக்கொண்டு சாப்பிடாமல் மட்டும் இருக்காதீர்கள். உங்களுக்காக ஒவ்வொரு வெள்ளியும் துஆ கேட்கிறேன், இந்த வெள்ளியும் கேட்டேன், கோபத்தோடுதான்.

வீட்டுச் சாவியை வைத்திருக்கும்,
கோஹினூர்


ஷாலிக்மாரி திட்டு,
மார்ச் 8

அன்புள்ள தஹ்சினா ஆபா, அல்லாஹ் உங்களுக்கு நீண்ட ஆயுளைக் கொடுக்கட்டும்.

என் கடிதத்துக்குப் பதில் வரவில்லை. பதிலுக்கு இம்தியாஸ்தான் வந்தார், நடுவர்கள் வருவதற்கு முதல் நாள். வீட்டைத் திருப்ப வேண்டாம், தட்டியும் ஜன்னலும் இருக்கட்டும், ஆடுகூட இருக்கட்டும் என்றார். எனக்கு வந்த சந்தோஷத்தில் அவருக்குக் கருவாட்டுக் குழம்பு வைத்து, முருங்கைப்பூ வதக்கி, பெரிய மீன் தலையை அவர் தட்டில்தான் போட்டேன். சாப்பிட்டுக் கை கழுவிவிட்டுத்தான் மீதியைச் சொன்னார். யாராவது கேட்டால், எந்தப் பக்கம் வேண்டுமானாலும் திருப்பிக்கொள்ளும்படி மேடம் ஆரம்பத்திலேயே யோசித்துத்தான் வரைந்தார் என்று நாங்கள் சொல்ல வேண்டுமாம். "ஒரு வரிதான் ஆபா. உங்க வீடு உங்களுக்கு இருக்கும், மேடத்துக்குப் பரிசு கெடைக்கும். யாருக்கு என்ன நஷ்டம்?" என்றார்.

நீங்கள் சொல்லி அனுப்பினீர்களா, அவராகச் சொன்னாரா என்று நான் கேட்கவில்லை. கேட்டால் தெரிந்துவிடுமே என்று பயந்தேன்.

அன்று முழுக்க யோசித்தேன். அவர் சொன்னதிலும் நியாயம் இருப்பது போலத்தான் இருந்தது. நீங்கள் எங்களோடு எட்டு மாதம் சேற்றில் கிடந்தவர். பழைய சோறும் பச்சை மிளகாயும் சாப்பிட்டு வயிறு கெட்டு, அப்போதும் டாக்காவுக்குப் போகாதவர். உங்களுக்காக ஒரு பொய் சொன்னால் நாக்கு அழுகிவிடாது. மொக்லேஸும் அதைத்தான் சொன்னார். ஆனால் ஆபா, நவம்பரில் நாணல் காட்டுக்குள் அழுதது நான். கையை ஒடிப்பேன் என்று எழுந்து நின்றது பருல். ஜன்னல் வெட்டியதில் மொக்லேஸின் கட்டைவிரல் நகம் போனது. தப்பு எங்களுடையது, அதை நல்லதாக மாற்றிக்கொண்டதும் நாங்கள். அதை யாருக்கும் இரவல் கொடுக்க எனக்கு மனசு வரவில்லை, உங்களுக்குக்கூட.

மறுநாள் காலை பத்து மணிக்கு வேகப்படகில் வந்தார்கள். மிதவைச் சட்டை போட்டுக்கொண்டு, பிதுங்கிப் பிதுங்கி இறங்கினார்கள். தொப்பி வைத்த பெரியவர் ஒருவர், மூங்கிலை விரலால் தட்டித் தட்டிக் காது கொடுத்துக் கேட்டார். நரைத்த முடியைக் குட்டையாக வெட்டிய ஒரு அம்மா. இன்னும் இரண்டு பேர். மொழிபெயர்க்க டாக்காப் பெண் ஒருத்தி. நரைமுடி அம்மா கையில் உங்கள் படம் இருந்தது. படத்தைப் பார்த்தார், வீட்டைப் பார்த்தார், சூரியனைப் பார்த்தார். படத்தைத் தலைகீழாகத் திருப்பினார். பிறகு, இதைத் திருப்பியது யார் என்று கேட்டார்.

இம்தியாஸ் ஆரம்பித்துவிட்டார், மேடம் முதல்லயே இத யோசிச்சு என்று. நான் குறுக்கே புகுந்தேன். "நான்தாம்மா திருப்புனேன். தெரியாம செஞ்சேன். தெரிஞ்சதுக்கப்புறம் மாத்த மாட்டேன்னு சொல்லிட்டோம். வரைஞ்சவங்க திருப்பி வைக்கச் சொல்லி எழுதினாங்க, முடியாதுன்னு பதில் போட்டுட்டேன்" என்றேன். டாக்காப் பெண் என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். உள்ளபடி சொல்லும்மா, ஒரு வார்த்தை குறையக்கூடாது என்றேன். சொன்னாள் என்றுதான் நினைக்கிறேன், ரொம்ப நேரம் பேசினாள். இம்தியாஸ் முகத்தில் ஈயாடவில்லை.

இனி உள்ளே போய்ப் பார்க்கலாம் என்று தொப்பிக்காரர் முதல் படியில் கால் வைத்தார். அந்த நேரத்தில்தான் பருலின் படகு வந்தது. அவள் மாமியார் இந்தப் பக்கம், நாத்தனார் அந்தப் பக்கம். பருல் பல்லைக் கடித்துக்கொண்டு மணலில் நடந்து வந்தாள். வழியில் நிற்கும் வெள்ளைக்காரர்களைப் பார்த்துவிட்டு என்னிடம், "பெஞ்ச எடுத்து முன்னாடி போட்டுட்டீங்களா?" என்று கேட்டாள். அந்த வலியிலும் கேட்டாள்.

மினோதி திதி வராண்டாவிலிருந்தே கத்தினாள், யாரா இருந்தாலும் கீழ எறங்கு என்று. தொப்பிக்காரருக்கு மொழிபெயர்ப்பே தேவைப்படவில்லை. நான் எல்லோரையும் சுற்றி ஓட்டிக்கொண்டு போய் மணல் பக்கம் விட்டேன். டாக்காப் பெண் என் கையைப் பிடித்துக்கொண்டாள். ரெண்டே நிமிஷம், வாசல்ல நின்னு அறைய ஒரு பார்வை பாத்துக்கட்டும், அவங்க அஞ்சாயிரம் மைல் தாண்டி வந்திருக்காங்க என்றாள். "பருல் மூணு மைல்தான் வந்திருக்கா. ஆனா வயித்துல ஒரு உசுரோட வந்திருக்கா" என்று சொல்லிவிட்டு நானும் உள்ளே போய்க் கதவைச் சாத்தினேன்.

நான்கு மணி நேரம். நான் கால்மாட்டில் நின்றேன். அன்று நீங்கள் அளந்த இடம் போதுமாகத்தான் இருக்கிறது, ஆபா. மினோதி திதி முழங்காலை ஊன்றித் திரும்புவதற்குக்கூட இடம் இருந்தது. ஆற்றுப் பக்கத்துக் கதவின் இடுக்கில் தண்ணீர் தெரிந்தது. பருல் அதையே பார்த்துக்கொண்டு மூச்சு விட்டாள். இரண்டரை மணிக்கு மேல் ஒரு பெண் பிறந்தாள். கொஞ்ச நேரம் சத்தம் வரவில்லை. பிறகு அழுதாள். மூங்கில் சுவர் தானே, திட்டு முழுக்கக் கேட்டிருக்கும்.

நடுவர்கள் அதுவரை ஜொப்பார் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்களாம். ஆளுக்கு ஆறு இஞ்சி டீ. நூற்றெண்பத்தாறு துண்டையும் தானே ஒற்றை ஆளாகச் சுமந்ததாக ஜொப்பார் அவர்களிடம் அளந்துவிட்டிருக்கிறான், அவர்கள் எழுதிக்கொண்டும் இருந்தார்களாம். குழந்தை சத்தம் கேட்டதும் தொப்பிக்காரர் எழுந்து தொப்பியைக் கழற்றினார் என்று மொக்லேஸ் சொன்னார். நான் வெளியே வந்தபோது வேகப்படகுக்காரர் பறந்துகொண்டிருந்தார், வெளிச்சம் போவதற்குள் மணல்மேடுகளைத் தாண்ட வேண்டும் என்று. பருல் உள்ளே படுத்திருக்கிறாள், இன்றைக்கு யாரும் உள்ளே வர முடியாது என்று சொன்னேன். அவ்வளவு தூரம் வந்தவர்கள் அறையைப் பார்க்காமலே போனார்கள். போகும்போது நரைமுடி அம்மா வீட்டுக் கால் ஒன்றில் இருந்த நீலத்தைத் தொட்டு, இது என்ன என்று கேட்டார். ஆற்றுப் பக்கம் என்றேன். அவரும் ஏதோ எழுதிக்கொண்டார்.

பரிசு போயிருக்கும். உள்ளே பார்க்காத வீட்டுக்கு யார் பரிசு கொடுப்பார்கள்? அதுவும் வரைந்தவர் பேச்சைக் கேட்காத வீடு. போனது என்னால்தான், இம்தியாஸ் மேல் கோபப்படாதீர்கள். எனக்கு வருத்தமாக இருக்கிறது, ஆபா, நிஜமாகவே இருக்கிறது. நீங்கள் எத்தனை வருஷம் இதற்காக அலைந்தீர்கள் என்று எனக்குத் தெரியாதா? ஆனால் மன்னிப்புக் கேட்க மாட்டேன். அன்றைக்கு மறுபடி வந்தாலும் அதே கதவை அதே மாதிரி சாத்துவேன்.

ஒன்று மட்டும் எழுத வேண்டும். இத்தனை வருஷம் நாம் அதைப் பேசியதில்லை. பிரசவ வீடு வருவதற்கு முன், எனக்கு வலி எடுத்து அக்கரை ஆஸ்பத்திரிக்குப் புறப்பட்ட அன்று, படகில் நாம் மூன்று பேர் இருந்தோம். நீங்கள் எங்கள் வீடுகளைப் பார்க்க வந்த விருந்தாளி, அப்போது எனக்கு உங்கள் பெயர்கூடச் சரியாகத் தெரியாது. நடு ஆற்றில், உச்சி வெயிலில், என் தலையை மடியில் தாங்கியதும், பிறகு உங்கள் துப்பட்டாவில் என் மகளை ஏந்தியதும் நீங்கள். மொக்லேஸ் இஞ்சினைப் பிடித்துக்கொண்டு முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார். அவள் எப்படி இருந்தாள் என்று இன்றுவரை என்னிடம் கேட்டதில்லை. அவளைப் புதைத்த காஷ்போனா மண்ணும் ஆகஸ்டில் ஆற்றோடு போய்விட்டது. வீட்டைப் பிரித்துக்கொண்டிருந்தேன், அந்தப் பக்கம் போய் நிற்கக்கூட நேரம் இல்லை. அவள் முகத்தைப் பார்த்தவர்கள் உலகத்தில் இரண்டே பேர். ஒருத்தி நான்.

அதனால் என்மேல் எவ்வளவு வேண்டுமானாலும் கோபப்படுங்கள், ஏசி எழுதுங்கள், வீட்டிலிருந்து உங்கள் பெயரை எடுத்துவிடச் சொன்னாலும் எடுத்துவிடுகிறேன். பேசாமல் மட்டும் இருக்காதீர்கள்.

பருலின் மகளுக்கு இன்னும் பெயர் வைக்கவில்லை. ஏழாம் நாளும் போய்விட்டது, அவள் மாமியார் தினமும் முணுமுணுக்கிறாள். தஹ்சினா ஆபா வந்துதான் வைப்பார் என்று எல்லோரிடமும் சொல்லிவிட்டேன். உங்களைக் கேட்காமல் சொன்னது தப்புதான், அதையும் மாற்ற மாட்டேன். புதிதாக ஒரு வட்டு ஈச்சம் வெல்லம் வாங்கிக் கட்டி வைத்திருக்கிறேன், இந்தத் தடவை தொடவில்லை.

அல்லாஹ் உங்களைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும். ஆற்றுப் பக்கமாகவே வாருங்கள், ஆபா. படகு வளைவு திரும்பியதுமே கதவு தெரியும். நான் படியில் நிற்பேன்.

உங்கள்,
கோஹினூர்